இன்னொரு கோட்டிங்

பெயிண்ட் அடித்த அறையில் பெயிண்ட் வாசனை இல்லை.

வேறு யாராவது என்றால் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். கவனித்தாலும், தலைவலி மிச்சம் என்று பாயை விரித்துப் படுத்திருப்பார்கள். பெயின்டரக்காவால் அப்படி விட முடியவில்லை. பாதி ஆயுசைச் சுவர்களோடு கழித்தவள் அவள். சுவரை இழைக்கப் பூசும் பட்டியின் ஈரச் சுண்ணாம்பு நெடியும் பிரைமரின் புளிப்பும் மேல்பூச்சின் தித்திப்பான காரமும் அவள் தலைமுடியிலும் தலையணையிலும் ஊறிப்போயிருந்தன. கண்ணைக் கட்டி ஒரு வீட்டுக்குள் விட்டாலும் எந்த அறை எப்போது அடித்தது என்று மூக்காலேயே சொல்லிவிடுவாள். அன்று சாயங்காலம் கூடத்தில் வாசனை கும்மென்று இருந்தது. சமையலறையில் இருந்தது. நடையில் இருந்தது. பின்னறைக் கதவுநிலையைத் தாண்டிக் கால் வைத்ததும், யாரோ கையால் மூக்கைப் பொத்தியதுபோல் நின்றுபோயிற்று.

வெளியே வந்தாள். வாசனை. உள்ளே போனாள். இல்லை.

"என்னக்கா, வாசப்படியோட நொண்டி ஆடுறியா?" என்றான் தம்பி.

அவனும் பெயின்டர்தான். முப்பதைத் தாண்டிய ஆள், அக்காவோடு சேர்ந்து ஊர் வீட்டுக்கெல்லாம் வெள்ளை அடிக்கிறவன். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் போனில் நட்சத்திரம், கிரகம் என்று எதையாவது பார்த்துக்கொண்டிருப்பதால் அவள் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர் வைத்திருந்தாள். இரண்டு பேருக்கும் இந்த உலகத்தில் வேறு சொந்தம் கிடையாது. அடுத்தவர் வீடுகளைப் பளபளவென்று ஆக்கிவிட்டு, வெள்ளை கண்டு வருஷக்கணக்கான வாடகை அறைகளுக்குத் திரும்பிவந்து, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, இப்படியே காலம் போனது. இந்தப் பழைய வீடுதான் முதல்முதலில் அவர்களுடையது. சாவி கைக்கு வந்த அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள், இனிமேல் எந்த ராஜா வந்து சொன்னாலும் இங்கிருந்து கிளம்புவதாக இல்லை என்று.

"விஞ்ஞானி, அது என்னடா கறுப்பா?"

எதிர்ச்சுவரின் நடுவில், மிளகளவு, ஒரு புள்ளி.

"கறை. அடிக்க அடிக்க மேல வருது. பட்டி வச்சேன், பிரைமர் அடிச்சேன், அடங்க மாட்டேங்குது."

"இன்னொரு கோட்டிங் குடுத்தா போச்சு," என்றாள் அவள்.

அது அவளுடைய மந்திரம். எண்ணெய்ப் பிசுக்கானாலும் மழை ஊறலானாலும் வீட்டுப் பிள்ளைகள் கிறுக்கியதானாலும், இன்னொரு கோட்டிங்கில் அடங்காத சுவரை அவள் பார்த்ததில்லை. அடங்காவிட்டால் அதற்கு மேல் இன்னொன்று. சுவர் ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லுவாள்.

ஆனால் பக்கத்தில் போய்ப் பார்த்தபோது அவளுக்கு என்னவோ போலிருந்தது. கறுப்பு என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அவள் கையாலேயே எத்தனையோ டப்பா கலக்கியிருக்கிறாள். எந்தக் கறுப்பும் வெளிச்சத்தில் கொஞ்சம் நீலமாகவோ பழுப்பாகவோ தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், இல்லாவிட்டால் ஓரத்திலாவது ஒரு மினுக்கம் இருக்கும். இது எதையும் காட்டவில்லை. போனின் டார்ச்சை அடித்தாள். சுற்றியிருந்த வெள்ளை கண்ணைக் கூசவைத்தது, புள்ளி அப்படியே இருந்தது. போன வெளிச்சம் போனதுதான்.

அவளே ரோலரை எடுத்தாள்.

ஈர ரோலர் சுவரில் ஏறி இறங்கும்போது ஒரு சத்தம் வரும், பசை பிரிகிற மாதிரி, அவளுக்குத் தாலாட்டு மாதிரியான சத்தம். புள்ளியின் அருகே வரும்போதெல்லாம் அந்தச் சத்தம் தேய்ந்து, அதைத் தாண்டியதும் மறுபடி எழுந்தது. அன்றைக்கு அந்தச் சுவர் நிறையக் குடித்தது. பழைய சுவர், தாகம் அதிகம் என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில் புள்ளி நாணயத்தின் அளவுக்கு ஆகியிருந்தது. இன்னொரு கோட்டிங் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த நாள் ஒரு சாஸரைக் கவிழ்த்து வைத்த மாதிரி வட்டமாக, சுத்தமாக, ஓரத்தில் பிசிறு இல்லாமல் நின்றது. கறைகள் அவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. அதைச் சுற்றியிருந்த வெள்ளை லேசாகப் புடைத்த மாதிரியும், கீழே தரையோரம் நேராக ஓடவேண்டிய சுவர்விளிம்பு அந்த இடத்தில் மட்டும் வளைந்து போகிற மாதிரியும் தெரிந்தது. கையால் தடவிப் பார்த்தால் நேராகத்தான் இருந்தது.

பின்னறையில் மாட்டிய கடிகாரம் தாமதமாக ஓடியது. பாட்டரியை மாற்றினான் தம்பி. மறுபடியும் பின்தங்கியது. அதையே கழற்றிக் கூடத்தில் மாட்டினால் ஒழுங்காக ஓடியது.

"அந்த ரூமுக்கே சோம்பேறித்தனம் போல. உன் வாடை அடிச்சிருக்கும்," என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து, டீயை ஊதியபடி, அவனாகவே ஆரம்பித்தான்.

"அக்கா, கருந்துளை தெரியும்ல? அதுகிட்டப் போனா நேரமே மெதுவாயிடுமாம்."

"ஆரம்பிச்சுட்டியா?"

"கேளேன். பேருதான் துளை. ஓட்டையே கிடையாது. பெரிய நட்சத்திரம் ஒண்ணு, எரியறதெல்லாம் எரிஞ்சு முடிஞ்சதும், தன் பாரத்தைத் தானே தாங்க முடியாம உள்ளுக்குள்ளயே நொறுங்கிப்போகுது. அவ்வளவும் ஒரு இடத்துல அடைஞ்சு கிடக்கும். வெளிச்சம்கூட உள்ள போனா திரும்பாது."

"அப்ப அது நிறைஞ்ச இடம்டா. ஓட்டைன்னு எந்த மடையன் பேரு வச்சான்?" அவளுக்கு அந்த விஷயம் பிடித்துப்போயிற்று. "சரி, அது எல்லாத்தையும் உறிஞ்சுமா?"

"உறிஞ்சாது. தள்ளி நின்னா ஒண்ணும் பண்ணாது. சூரியனை எடுத்துட்டு அதே எடையில ஒரு கருந்துளைய வச்சாலும் பூமி அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டிருக்குமாம், குளிர்ல வெறைச்சுப்போய். ஆனா கிட்டப் போகப் போக ஒரு எல்லை வரும். அதைத் தாண்டிட்டா முடிஞ்சுது. அதுக்குள்ள என்ன போட்டாலும் வாங்கிக்கும். போடப் போட வளரும்."

"எல்லைன்னா? கோடு கீடு போட்டிருக்குமா?"

"அதான் வேடிக்கையே. ஒண்ணுமே இருக்காது. தாண்டுறவனுக்குத் தாண்டினது தெரியாது, எப்பவும் போலத்தான் இருக்கும். வெளியே நின்னு பார்க்கிறவங்களுக்கு மட்டும் அவன் மெதுவாகி, மெதுவாகி, அந்த எல்லையிலயே நின்னுட்ட மாதிரி தெரியும். அப்புறம் செவந்து, மங்கி, இல்லாம போயிடுவான். விழுந்ததை யாரும் பார்க்கவே முடியாது."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கோ வானத்தில் கிடக்கிற, கண்ணால் காணாத ஒன்றின் மேல் அவ்வளவு கோபம் வருவது அவளுக்கே விநோதமாக இருந்தது.

"விழுறவனுக்கே தெரியாதுங்கிறது அநியாயம்டா. திருடன்கூட தாழ்ப்பாளை உடைச்சுச் சத்தம் போட்டுட்டுத்தான் வருவான். அவ்வளவு பெரிய ஆளு, சொல்லாம கொள்ளாம எடுத்துக்கிறதா?"

"நீ போய்ச் சண்டை போடு," என்று சிரித்தான். பிறகு நடையின் கோடியில் திறந்துகிடந்த பின்னறையைப் பார்த்தான். "நம்ம சுவத்துல இருக்கிறது அதுவா இருக்காது, இல்லக்கா?"

"உலகத்துல எவ்வளவோ இடம் இருக்கு. அது வழி கேட்டுக்கிட்டு நம்ம பின்னறைக்கா வரும்? டீயைக் குடி."

இருந்தாலும் கொத்தனாரை வரச்சொன்னாள். பல வீடுகளில் கூட வேலை பார்த்த மனுஷர், அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், சுவர் விஷயத்தில் கைதேர்ந்தவர். வட்டத்தைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். "உள்ள ஏதோ பொள்ளல், காலியா இருக்கு," என்றார். சுரண்டியால் தட்டிப் பார்க்கப் போனவர், என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டார். பையிலிருந்து, சுவரின் நேர் பார்க்கிற தூக்குக்குண்டை எடுத்து, உத்தரத்து ஆணியில் கயிற்றை மாட்டித் தொங்கவிட்டார்.

குண்டு ஆடியது. ஆட்டம் குறைந்தது. நின்றது.

கயிறு நேராக இல்லை. காற்றே இல்லாத அறையில், உச்சியிலிருந்து சாய்வாக, வட்டத்தைப் பார்த்து நின்றது.

கொத்தனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, குண்டை விட்டுட்டுப் போறீங்க."

"இருக்கட்டும் தங்கச்சி. அந்த ரூமைப் பூட்டிடு. முடிஞ்சா வீட்டையே விட்டுடு."

அவளுக்கு எரிந்துகொண்டு வந்தது. வீட்டை விடு. எத்தனை வாயில் கேட்டிருப்பாள் இந்த வார்த்தையை! வீட்டுக்காரர்கள் சொன்னபோது பதில் பேச அவளுக்கு உரிமை இல்லை. இப்போது இருக்கிறது. ஒரு சுவருக்குப் பயந்துகொண்டு மறுபடியும் மூட்டை கட்டுவதா? அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் ஊரின் மறுகோடியில் வேலை இருந்தது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே தம்பியிடம் சொன்னாள்.

"ஓடுறவங்க ஓடட்டும். நீ இன்னிக்கு வீட்டுல இரு. புது பக்கெட்டை உடைச்சுப் பெரிய ரோலரால அந்தச் சுவர் முழுக்க ஒரு கோட்டிங் குடு. அதா நானான்னு பார்த்துடுறேன்."

"சரி, மகாராணி," என்றான் அவன், கும்பிட்டுக் காட்டி.

வேலைக்குப் போன வீட்டில் ஜன்னலோரம் பழைய பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்குக் கீழே பச்சை வந்தது, பச்சைக்குக் கீழே நீலம், அதற்கும் கீழே யாரோ எந்தக் காலத்திலோ ஆசையாக அடித்த ரோஜா நிறம். சுவருக்குக் கொடுத்தது எதுவும் எங்கேயும் போவதில்லை. தோல் மேல் தோலாக அங்கேயே இருக்கும், ஓரத்தில் நகத்தை வைத்தால் தடிமனே தெரியும்.

அவள் கை நின்றது.

பின்னறைச் சுவர் அவ்வளவு குடித்ததே, ஏன் தடிக்கவில்லை? பக்கெட் பக்கெட்டாக ஊற்றியது எங்கே? கோட்டிங் என்று அவர்கள் நினைத்தார்கள். அதற்கு அது கோட்டிங் இல்லை, பாரம். பாரத்தின் மேல் பாரம். போடப் போட வளரும் என்று அவன்தானே சொன்னான், டீயை ஊதிக்கொண்டே?

நாமே ஊட்டி வளர்த்திருக்கிறோம் என்ற நினைப்பு வந்ததும் சுரண்டியைக் கீழே போட்டாள். போனை எடுத்தாள். மணி அடித்தது, அடித்தது, எடுத்தான்.

"டேய், தொடாதே. அந்தச் சுவத்தைத் தொடாதே. வெளிய வா."

பதிலுக்கு ஒரு உறுமல் வந்தது. தரைக்கு அடியில் ஏதோ பெரிய இயந்திரம் ஓடுகிற மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல், நீண்டுகொண்டே போகிற ஒரு அடித்தொண்டைச் சத்தம். சிக்னல் கோளாறு என்று இரண்டு முறை வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். மணி போகவில்லை. முதல் அழைப்பே இன்னும் முடியவில்லை என்றது போன். அந்த உறுமலை மறுபடியும் காதில் வைத்துக் கேட்டாள். அதற்குள்ளே, மிக மிக மெதுவாக, அவள் தம்பியின் குரல் 'ஹலோ' சொல்ல ஆரம்பித்துக்கொண்டிருந்தது.

எப்படி வீடு வந்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் வாசனை இல்லை. சமையலறையில் இல்லை. நடையில் தூசி ஊர்ந்துகொண்டிருந்தது, ஒரு தலைமுடிச்சுருள், ஒரு காய்ந்த பெயிண்ட் செதில், எல்லாம் ஒரே பக்கமாக, அவசரமே இல்லாமல். பின்னறையில் எதிர்ச்சுவர் இல்லை. சுவர் இருந்த இடத்தில் அந்தக் கறுப்பு இருந்தது, தரையிலிருந்து உத்தரம்வரைக்கும் உயர்ந்து. அதன் விளிம்பில் தம்பி நின்றான்.

ஒரு கையில் ரோலர், மறு கையில் போன். பாதி திரும்பிய முகம். அவள் வரும் சத்தம் கேட்டுத் திரும்பியிருக்க வேண்டும். வாய் லேசாகத் திறந்து, 'அ' என்ற எழுத்தில் நின்றிருந்தது. கண்ணில் பயம் இல்லை. ரோலரிலிருந்து கழன்ற ஒரு சொட்டு அந்தரத்தில் நின்றது.

"டேய்!"

அசைவில்லை.

சாரம் கட்டுகிற கயிற்றை எடுத்துவந்து சுருக்குப் போட்டு வீசினாள். கயிறு பாதி தூரம் வேகமாகப் போய், மீதி தூரம் தேனில் விழுந்ததுபோல் போய், அவன் தோளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. பிறகு இழுத்தது. அவளை இல்லை, கயிற்றை. கடைக்காரர் துணி அளக்கிற நிதானத்தில். மறுமுனையை நிலையில் கட்டினாள். நிலை முனகியது. சுற்றுச்சுவரில் வெடிப்பு ஓடியது. அவள் தெருவில் தலைதெறிக்க ஓடியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்த கொத்தனார்தான் கத்தியால் கயிற்றை அறுத்தார். அறுபட்ட நுனி துள்ளிக்கொண்டு போய் நிதானமாயிற்று.

"ஏன் அறுத்தீங்க?" அவள் அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"வீடே போயிடும் தங்கச்சி."

அவளுக்கும் தெரிந்தது. கயிறும் பாரம்தான். ஏணியை நீட்டினால் ஏணியும். அவளே போனால் அவளும். எதைக் கொடுத்தாலும் அது வாங்கிக்கொண்டு ஒரு விரற்கடை முன்னால் வரும். அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தையை அது ஆகாரமாக வைத்திருந்தது.

"வெளிய வாம்மா. அவன் போயிட்டான்," என்றார் கொத்தனார். அழுதுகொண்டிருந்தார்.

"போகலை."

"தங்கச்சி..."

"எங்க போயிட்டான்? பாருங்கண்ணே, நின்னுக்கிட்டிருக்கான். விழுந்ததை நீங்க பார்த்தீங்களா? நான் பார்க்கலை. அதை யாராலயும் பார்க்க முடியாதுன்னு அவனே சொல்லியிருக்கான். பார்க்காத வரைக்கும் அவன் விழலை."

தூசி ஊர ஆரம்பிக்கிற இடத்தைக் குனிந்து பார்த்தாள். அதற்கு இந்தப் பக்கம், பெயிண்ட் ஓரம் பிசிறாமல் இருக்க ஒட்டுகிற மாஸ்க்கிங் டேப்பைத் தரையில் சுவருக்குச் சுவர் நேர்கோடாக ஒட்டினாள். காலி பக்கெட் ஒன்றைக் கோட்டுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"எல்லைக்குக் கோடு கிடையாதாம்," என்று அதைப் பார்த்துச் சொன்னாள். "இந்தா, நான் போட்டாச்சு. இதைத் தாண்டி வந்து பார்."

அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொத்தனார் டீ கொண்டுவந்து நிலைக்கு வெளியே வைப்பார், எழுந்துவரச் சொல்லுவார், போவார். அவள் கண்ணை எடுக்கவில்லை. தம்பியின் நீலச் சட்டை பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறமாயிற்று. அவன் பல்லெல்லாம் சிவப்பு. கண்ணின் வெள்ளை சிவப்பு. அடுப்பில் அணையப்போகிற கரித்துண்டைப் போல் அவன் மங்கினான், அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது, இருந்தாலும் அவள் அழவில்லை. அழுதால் கண் மறைக்கும். தூசி டேப்பைத் தொடும்போதெல்லாம் எழுந்து, டேப்பைப் பிய்த்து, பின்னால் ஒட்டி, பக்கெட்டையும் நகர்த்திப் போட்டாள்.

வெறும் கோபத்தில் உட்கார்ந்திருந்தாள். நீ பெரிய பாரம்தான். நான் மட்டும் என்ன, காற்றா? என்னையும் யாரும் கிளப்ப முடியாது.

அப்போதுதான் அது கேட்டது.

"...க்..."

மூச்சை நிறுத்தினாள். தம்பியின் உதடு. அசைந்ததா? அசைந்தது. 'அ' முடிந்திருந்தது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டிருந்தது.

"டேய்! கண்ணு! வாடா! வா!"

அந்தரத்தில் நின்ற சொட்டு இறங்கியது. ஒரு நகக்கண். இன்னொரு நகக்கண். அவன் சட்டையில் செங்கல் நிறம் விலகி மஞ்சள் வந்தது. பச்சை வந்தது. திரும்பி வருகிறான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தொடைகளில் அறைந்துகொண்டு சிரித்தாள். ஜெயித்தாயிற்று. உட்கார்ந்தே ஜெயித்தாயிற்று.

"அண்ணே! வந்து பாருங்க! வர்றான்!"

திரும்பினாள்.

நிலைக்கு வெளியே டீ டம்ளர். ஆவி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கியது. டம்ளர் இல்லை. வேறு டம்ளர். அதுவும் இல்லை. நடையின் கோடி ஜன்னலில் வெயில். இருட்டு. வெயில். இருட்டு. யாரோ சுவிட்சோடு விளையாடுகிற மாதிரி. வாசலில் கொத்தனார் வந்தார், கையை ஆட்டினார், போனார், வந்தார், ஈயின் வேகத்தில். கொசு ரீங்காரமாய் அவர் குரல். அவர் தலை நரைத்துக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

கீழே பார்த்தாள். டேப் அவள் காலுக்கு முன்னால்தான் இருந்தது. நேராக. ஒழுங்காக. ஒட்டியபடியே.

டேப்பில் தூசி இல்லை. தூசி ஊரவும் இல்லை. அவளோடு சேர்ந்து எல்லாமே ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தால், எது ஊருவதாகத் தெரியும்?

தாண்டுறவனுக்குத் தெரியாது.

எழுந்தாள். வாசலைப் பார்த்து ஓர் எட்டு வைத்தாள். வாசல் சின்னதாயிற்று. இன்னொரு எட்டு. இன்னும் சின்னது.

நின்றாள். பயம்தான், இல்லையென்று சொல்ல அவளுக்கு வெட்கமில்லை. ஆனால் பயத்துக்கும் கீழே, தோலுக்குத் தோலாக, அந்தப் பழைய கோபம் அப்படியே இருந்தது.

"இழுத்துக்கிட்டுப் போக நான் என்ன தூசியா?" என்றாள். "நானே வர்றேன். என் தம்பி அங்க இருக்கான்."

திரும்பினாள். டேப்பை மிதித்துத் தாண்டினாள். நடந்தாள்.

"...கா! எப்ப வந்த?"

தம்பி. நீலச் சட்டை. சொட்டு தரையில் விழுந்தது, டப்பென்று. அவன் போனைப் பைக்குள் போட்டான். சிரித்தான். அவள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

"என்னக்கா ஆச்சு? இப்பதான் போன்ல ஏதோ கத்தின, ஹலோன்னு சொல்றதுக்குள்ள வந்து நிக்கிற. பறந்து வந்தியா?" பெருமையாக ரோலரைச் சுற்றிக் காட்டினான். "பாரு, முடிச்சுட்டேன். ஒரு இடத்துல கறை இருக்கா, சொல்லு?"

இல்லை. ஒரு கறை இல்லை. மேலே, கீழே, சுற்றி, எங்கேயும். சுவர் இல்லை. மூலை இல்லை. எதுவும் எதையும் திருப்பித் தராத சுத்தமான கறுப்பு, எல்லாப் பக்கமும் ஒரே சீராக, பிசிறில்லாமல். அவன் அதைக் கண்ட மாதிரியே தெரியவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் எதையோ கண்டு முகம் சுளித்தான்.

"இரு, இரு. அங்க ஒண்ணு விட்டுப்போச்சு."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

மிளகளவு, ஒரு வெள்ளைப் புள்ளி.

வெயிலும் இருட்டும் அதற்குள்ளே படபடத்தன. கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஒரு கதவுநிலை தெரிந்தது. நிலையில் யாரும் இல்லை. பிறகு நிலையும் இல்லை.

"இன்னொரு கோட்டிங் குடுத்தா போச்சு," என்றான் தம்பி. ரோலரைப் பக்கெட்டில் நனைத்துத் தூக்கினான். அதிலிருந்து வழிந்தது வெள்ளையாக இல்லை.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பாதி ஆயுசு ரோலர் பிடித்த இரண்டு கையாலும், நகம் பதிய.

"விடுக்கா, வலிக்குது. என்ன இது?"

அவள் விடவில்லை. புள்ளியிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. ரோலர் பாதியில் நின்றது. யாரும் தொடாமலே, புள்ளி சிறுத்துக்கொண்டிருந்தது.